தானே சுருங்கும் சுவாசப்பை

உயர்ந்து மெலிந்த இளைஞன் ஒருவன் சும்மா அமர்ந்திருக்கின்றான். திடீரென மார்பின் ஒரு பக்கத்தில் கத்தி பாய்ந்தாற்போல் வலி எழுகின்றது. மூச்சை உள்ளிழுக்குந்தோறும் அது மிகுகின்றது. வீட்டார் வாயுக் குத்து என்று சொல்லி இஞ்சியும் உள்ளியும் அவித்துக் கொடுப்பர். வேடிக்கை என்னவெனில், அவர்கள் கூற்றிற் பாதி உண்மை. புகுந்திருப்பது வாயுவே, ஆயின் வயிற்றிலன்று, சுவாசப்பைக்கும் மார்புச் சுவருக்கும் இடையிலே.

சுவாசப்பை தன்னியல்பிற் சுருங்க முயலும் உறுப்பு. மார்புக்கூடோ விரிய முயல்வது. இரண்டுக்கும் நடுவே ஈரம் படிந்த இரு மெல்லிய சவ்வுகள் ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றிடை அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்திலும் குறைவு. அதனாலேயே சுவாசப்பை விரிந்து நிற்கின்றது. சிலருக்குச் சுவாசப்பையின் உச்சியிற் சிறு காற்றுக் கொப்புளங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று வெடித்தால், காற்று சவ்வுகளுக்கிடையே கசியும், சுவாசப்பை சுருங்கும். புகைப்பவர்க்கு இவ்வாபத்துப் பன்மடங்கு.

பிரெஞ்சு வைத்தியர் இத்தார் 1803இல் இதற்கு நியூமோதொராக்ஸ் எனப் பெயரிட்டார். ஸ்டெதஸ்கோப்பைக் கண்ட லானெக் 1819இல் இதன் குறிகளை விவரித்தார். நெடுங்காலம் இது காசநோயின் விளைவென்றே கருதப்பட்டது. சுகதேகிகளுக்கும் வருமென்பதை 1932இல் டென்மார்க்கு வைத்தியர் கியர்கார்ட் தெளிவாக்கினார். இதனிடையே இத்தாலியரான பொர்லானினி, காசநோயுற்ற சுவாசப்பைக்கு ஓய்வளிக்கவென ஊசிவழியே காற்றைச் செலுத்தி, வேண்டுமென்றே அதனைச் சுருங்கச் செய்தார். நல்ல மருந்துகள் வந்தபின் அம்முறை மறைந்தது.

வைத்தியர் மார்பைத் தட்டும்போது, நோயுற்ற பக்கம் வெறும் பானைபோல் ஒலிக்கும். மூச்சொலி மங்கியோ அற்றோ போயிருக்கும். நிமிர்ந்த நிலையில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்திற் சுவாசப்பையின் ஓரம் மெல்லிய கோடாகத் தெரியும். அதற்கப்பால் இரத்தக்குழாய்களின் நிழலே இராது. மாரடைப்பன்று என உறுதிசெய்ய இதய மின்பதிவும் எடுப்பர்.

ஒன்றில் மட்டும் படத்துக்குக் காத்திருத்தல் தகாது. வெடிப்பு ஒருவழி அடைப்பிதழ்போல் அமைந்துவிட்டால், புகுந்த காற்று மீளாது பெருகும். இதயம் மறுபக்கம் தள்ளப்படும். இரத்த அமுக்கம் வீழும். அப்பொழுது உடனே மார்பில் ஊசி ஏற்றிக் காற்றை வெளிவிடவேண்டும். நிமிடங்களே உயிரைத் தீர்மானிப்பன.

மற்றையோர்க்கு அவசரமில்லை. ஊசியால் காற்றை உறிஞ்சலாம். அல்லது விலா எலும்புகளிடையே குழாய் புகுத்தி, அதன் மறுமுனையை நீருள் அமிழ்த்தி வைக்கலாம். காற்று குமிழியாய் வெளியேறும், திரும்ப வழியில்லை. எளிய பொறிதான், எனினும் எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் அவுஸ்திரேலியாவிலும் நியூசீலாந்திலும் 316 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. வேறு சுவாச நோயற்று, நிலை தளராதிருந்தோரைக் குழாயின்றிக் கண்காணித்தபோதும், எட்டு வாரத்துக்குள் பெரும்பாலானோரின் சுவாசப்பை விரிந்துவிட்டது. நோய் மீண்டோரும் அவர்களிடையே குறைவு. உடலே அக்காற்றைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்கின்றது. முதியோரிடமும், முன்பே சுவாசப்பை பழுதுற்றோரிடமும் இப்பொறுமை செல்லாது; அவர்க்குச் சிறு கசிவும் பேரிடர்.

முதன்முறை உற்றோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு இது மீண்டும் வரும். அவ்வாறு மீள்பவர்க்குச் சிறு துளைவழிச் சத்திரசிகிச்சையாற் கொப்புளங்களை அகற்றி, சவ்வுகளை ஒட்டச் செய்வர். முற்றாகக் குணமானதைப் படம் காட்டும்வரை விமானப் பயணம் ஆகாது. காற்றுக் கலத்துடன் கடலுள் மூழ்கிச் சங்கெடுப்போர், இந்நோய் ஒருமுறை வந்தாலும், நிபுணரைக் கேளாது மீண்டும் நீரில் இறங்கலாகாது.