உடுவில் என்னும் அந்நிய நாடு

ஜெர்மனியிற் குடியிருக்கும் என் தமக்கையார் மகள் சென்ற தைப்பொங்கலன்று தொலைபேசியிற் பேசினாள். பொங்கல் பொங்கிய செய்தி, பனி கொட்டிய செய்தி எல்லாம் சொல்லி முடித்தபின் சற்றே தயங்கித் தனக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தைக் கூறினாள். அயல்வீட்டில் எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருக்கின்றார். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம். அவர் அன்று காலை இவளுடைய கையைப் பற்றி, இனித் தம்மை ‘டூ’ என்றே அழைக்கலாம் என்று சொல்லிவிட்டாராம். ஜெர்மன் மொழியில் ‘டூ’ என்றால் நீ. ‘ஸீ’ என்றால் நீங்கள். மூத்தவர் ஒருவர் தாமே முன்வந்து ‘டூ’ என்னும் உரிமையை அளித்தல் அந்நாட்டில் நட்பின் பேரடையாளம். அதனை மறுத்தால் அவர் மனம் நோகும்.

“நான் என்ன செய்ய மாமா? அம்மாவின்ரை வயது மனிசியை நீ எண்டு கூப்பிட எனக்கு வாய் வருகுதில்லை” என்றாள்.

இருவரும் சிரித்தோம். ஆயின் தொலைபேசியை வைத்தபின் என் சிரிப்பு அடங்கிவிட்டது. இருபது ஆண்டு அங்கே வாழ்ந்து, அந்நாட்டு மொழியிலே தேர்வெழுதித் தேறி, தொழிலும் பார்க்கும் ஒருத்தியை ஒரு சிறு சொல் இன்னும் வாசலிலே நிறுத்தி வைத்திருக்கின்றதே என்று எண்ணினேன். அவ்வெண்ணத்தோடு மாலையில் வழக்கம்போல் மகளிர் கல்லூரி மதிலோரமாக நடந்தபொழுது, இதே வாசலுக்கு எதிர்த்திசையிலிருந்து வந்து நின்ற வேறொரு பெண்மணியின் நினைவு எழுந்தது. அவருக்கு அந்நிய நாடாக வாய்த்தது நம்முடைய உடுவில்.

அமெரிக்காவின் கனெக்றிக்கற் மாநிலத்து நோர்விச் என்னும் ஊரில் 1796 ஆம் ஆண்டு பிறந்தவர் ஹரியற். 1819 ஆம் ஆண்டு சனவரியில் மைரன் வின்சுலோ என்னும் இளம் பாதிரியாரை மணந்தார். யூன் மாதத்திற் பொஸ்ரன் துறையிலே கப்பலேறினார். ஸ்போல்டிங், உட்வேட், வைத்தியர் ஸ்கடர் ஆகியோரும் தத்தம் மனைவியரோடு அதே கப்பலில் வந்தனர். கல்கத்தா வழியாக இலங்கையை அடைந்த வின்சுலோ தம்பதியர் 1820 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உடுவிலிற் குடிபுகுந்தனர். ஹரியற்றுக்கு அப்பொழுது வயது இருபத்துநான்கு.

வந்தவர்கள் சமயம் பரப்ப வந்தார்கள் என்பதை மறப்பதற்கில்லை. அவ்வழக்கைச் சுன்னாகத்து முத்துக்குமாரக் கவிராயரும் பின்னர் நல்லூர் ஆறுமுக நாவலரும் எடுத்து நன்றாகவே வாதாடிவிட்டனர். அதனை மீண்டும் விசாரிப்பது என் நோக்கமன்று. காலையிற் கண் விழித்து, அடுப்பு மூட்டுவித்து, அயலவரோடு இரண்டு வார்த்தை பேசி, இரவில் விளக்கணைத்து உறங்கும் ஒரு மனுஷியாக அவர் இந்த ஊரிலே வாழப் பழகியது எவ்வாறு என்பதே என் சிந்தனை. அவருடைய கடிதங்களையும் குறிப்புகளையும் கணவர் தொகுத்து 1835 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

வெயிலைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. பனியும் ஓக்கு மரமும் கண்டு வளர்ந்தவர் செம்மண்ணும் பனையும் கிளுவை வேலியும் கண்டார். ஆறு ஒன்றேனும் இல்லாத நாட்டிற் கிணறே கதி. கோதுமை விளையாது, அப்பிள் காய்க்காது. நான்கு பருவங்கள் இருந்த இடத்திற் சோளகமும் வாடையும் மாறி மாறி வீசின. இவையெல்லாம் உடம்பின் இடர்கள். உடம்பு மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். பழகாவிடின் நோயில் விழும். அக்கூட்டத்தாருட் பலர் நோயில் விழுந்தனர். சிலர் இளமையிலேயே மாண்டனர்.

நாவின் இடர் அப்படிப்பட்டதன்று. படித்த ஒருவர் அந்நிய நாட்டுக்குப் போனால் முதலில் இழப்பது தம் படிப்பையே. சொந்த ஊரில் வேத வாக்கியத்துக்கு விரிவுரை சொன்னவர், இங்கே கிணற்றடியில் நின்று “தண்ணீர்” என்று கேட்பதற்குள் வியர்த்துப் போவார். ல, ள, ழ என்னும் மூன்றையும் அவர் காது ஒன்றாகவே கேட்கும். அதனைத் திருத்த ஏழு வயதுப் பிள்ளை ஒன்று முன்வரும். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவும் செய்யும். பெரியவர் ஒருவர் பிள்ளையாகத் திரும்பிப் பிறக்கும் துன்பம் இது. தொண்டை நோவுக்கு மருந்துண்டு, இதற்கில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே, நம்முடைய முன்னிலைச் சொற்கள். ஆங்கிலத்தில் அரசனுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஒரே சொல் போதும். ஜெர்மன்காரருக்கு இரண்டு. யாழ்ப்பாணத்தவராகிய நமக்கோ நீ, நீர், நீங்கள் என மூன்று! அவற்றுள் ‘நீர்’ என்பது இருக்கின்றதே, அதன் நுட்பம் தமிழ்நாட்டு அன்பர்களுக்கே எளிதில் விளங்குவதில்லை. ஆசிரியர் வளர்ந்த மாணவனை ‘நீர்’ என்பார். கணவன் மனைவியை ‘நீர்’ என்பான். முன்பின் அறியாத இளைஞனையும் ‘நீர்’ என்போம். அதே சொல்லை ஒரு பெரியவரிடம் சொன்னால் அன்றே பகை. இலக்கண நூலைக் கற்று வந்தவர் ‘நீர்’ மரியாதைப் பன்மை என்று நம்பி ஊர்ப் பெரியவரை அழைத்தால் என்ன நடக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். விடைபெறும்போது “போகிறேன்” என்று சொல்லலாகாது, “போட்டு வாறன்” என்றே சொல்லவேண்டும் என்பது எந்த இலக்கணத்தில் இருக்கின்றது? யாராவது முகஞ்சுளித்த பின்னரே அது தெரியவரும்.

எழுத்திலே ஒரு தமிழ், வாயிலே ஒரு தமிழ் என்னும் இரட்டை நிலையும் சேர்ந்து கொண்டது. மைரன் வின்சுலோ பிற்காலத்தில் வெளியிட்ட பேரகராதியின் ஆங்கிலத் தலைப்பை எடுத்துப் பாருங்கள். உயர்ந்த தமிழ், தாழ்ந்த தமிழ் என்னும் இரண்டுக்கும் உரிய அகராதி என்று அவர் தலைப்பிலேயே சொல்லியிருக்கின்றார். அறுபத்தேழாயிரம் சொற்களுக்கு மேற்கொண்ட அந்நூல் 1862 ஆம் ஆண்டு சென்னையில் அச்சாகி வெளிவந்தது. அதற்கு அடித்தளமிட்டவர் நல்லூரிலிருந்த யோசப் நைற் பாதிரியார். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருந்த தமிழ்ப் புலவர்கள் துணை நின்றனர். அறிஞர்கள் அதனைத் தமிழ்த் தொண்டு என்பர், மறுப்பாரில்லை. எனக்கோ அந்தத் தலைப்பைப் பார்க்குந்தோறும், புத்தகத்தில் ஒன்றைப் படித்துவிட்டு ஒழுங்கையில் இறங்கி வேறொன்றைக் கேட்டுத் திகைத்து நின்ற ஓர் இளைஞனின் பெருமூச்சே கேட்கின்றது.

பெண்ணுக்குத் திகைப்பு வேறுவகைப்பட்டது. ஆண்கள் சந்தியிலும் சந்தையிலும் பழகலாம். பெண்களைக் காணவேண்டுமாயின் வீட்டுக்குள்ளே போகவேண்டும். வீட்டுக்குள்ளே அடுக்களை இருந்தது. அடுக்களைக்கு ஒரு வாசற்படி இருந்தது. மாட்டிறைச்சி உண்ணும் சாதியாராகிய பறங்கிப் பெண்ணுக்கு அப்படியைத் தாண்ட உரிமையில்லை. அவருடைய வீட்டிற் சமைத்ததை இவர்கள் உண்ணவும் மாட்டார்கள். நம்மவர் மேலைநாடுகளிற் பட்ட புறக்கணிப்பைப் பற்றி நாம் நிறையவே பேசுகின்றோம், பேசவும் வேண்டும். அந்நாளில் தீட்டு நம் பக்கத்திலிருந்து விதிக்கப்பட்டது என்பதையும் கூடவே வைத்துப் பேசுதல் நேர்மையாகும். நம்முள்ளேயே பலருக்கு அக்கிணறுகள் மறுக்கப்பட்டிருந்தன என்பது வேறொரு நீண்ட கதை.

அந்தப் படி எவ்வாறு தேய்ந்தது என்பதற்கு ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. மிசன் வளவுக்குள் விளையாட வந்துகொண்டிருந்த இரண்டு சிறுமியர்க்கு அம்மையார் தையலும் எழுத்தும் காட்டிக் கொடுத்தாராம். ஒருநாள் மாலை பெருமழை பிடித்துக்கொண்டது. வீடு திரும்ப வழியில்லை, பிள்ளைகளுக்குப் பசி. அம்மையார் கொடுத்ததை உண்டுவிட்டு அங்கேயே உறங்கிவிட்டனர். விடிந்தபின் வந்த பெற்றோர் சினந்தனராம். ஆயின் உண்டதை உண்ணாததாக்க யாரால் முடியும்? அதன்பின் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்க இணங்கினர் என்பர். 1824 ஆம் ஆண்டிலே தொடங்கிய அந்தப் பெண்கள் உறைவிடப் பாடசாலையே இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. கதையின் ஒவ்வோர் அணுவுக்கும் நான் பிணை நிற்கமாட்டேன். ஆனால் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இங்கே மழை எப்படிப் பெய்யும் என்பதை அறிந்தவர் அதனை எளிதிற் புறந்தள்ளார்.

அரசாங்க அனுமதி என்னும் தலைவலியும் அன்றே இருந்தது. விசாவுக்காகத் தூதரகங்களின் வாசலிற் கால்கடுக்க நின்ற நம்மவர் இதனை அறிந்தால் வியப்பர். 1820 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து யேம்ஸ் காறெற் என்னும் அச்சுத் தொழிலாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். பார்ன்ஸ் தலைமையிலிருந்த ஆங்கில ஆட்சி அவரை நாட்டை விட்டு வெளியேறுமாறு பணித்தது. இனிப் புதிய அமெரிக்கர் வரலாகாது என்றும் விதித்தது. அத்தடை 1833 வரை நீடித்தது. முன்னரே வந்துவிட்டவர்கள் பதின்மூன்று ஆண்டுகளாகத் தம்மூர் முகம் ஒன்று புதிதாக வந்து கதவைத் தட்டும் என்று எதிர்பார்க்கவே முடியாதிருந்தது. வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதி மறுமொழி பெற ஓராண்டளவு செல்லும். சோறு வெந்ததா என்று மாலைதோறும் கடல் கடந்து விசாரிக்கும் காலத்திலே வாழும் நமக்கு அத்தனிமையை அளக்கக் கோல் இல்லை.

அவர்களுடைய செய்கையெல்லாம் எனக்கு உடன்பாடன்று. தமக்கு வாயில் நுழையாத ஊரிலே வந்து தத்தளித்தவர்கள், மாணவருக்குத் தம்முடைய நாட்டு நன்கொடையாளரின் பெயரைச் சூட்டினர். படிப்புச் செலவைக் கொடுத்தவர் பெயர் படிக்கிற பிள்ளைக்கு! நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நம் பேரறிஞர் சிலரின் பெயர்களிலே அந்த முத்திரை இன்னும் இருக்கின்றது. தன் சொந்த ஊரிலே, தன் தாய் அழைக்கும்போது திரும்பிப் பார்க்கும் பெயர் ஒன்றும், இடாப்பிற் கூப்பிடும்போது எழுந்து நிற்கும் பெயர் வேறொன்றுமாக அப்பிள்ளைகள் வாழ்ந்தனர். புதியவர் ஊருக்குப் பழகுவது போதாதென்று ஊரும் புதியவருக்குப் பழகவேண்டியிருந்தது.

ஹரியற்றின் வாழ்வில் என்னை மிகவும் தொட்ட செய்தி அவருடைய மூத்த மகனைப் பற்றியது. சார்ள்ஸ் என்னும் அப்பிள்ளை 1821 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்திற் பிறந்தவன். பனை மட்டையும் மணலும் அவனுக்குப் புதியன அல்ல, பனியே புதிது. கல்விக்காக அவனைப் பெற்றோர் ‘தாய்நாட்டுக்கு’ அனுப்பினர். யாருடைய தாய்நாடு? தாய் பிறந்த நாடு என்றால் சரி. அவனோ அங்கே புதியவனாய்ப் போய் இறங்கினான். 1832 ஆம் ஆண்டு, பதினொரு வயதில், அங்கேயே இறந்தான். மறு ஆண்டு சனவரியிலே தாய் இங்கே உடுவிலில் இறந்தார். தாய்க்கு அந்நியமான மண்ணில் தாயும், மகனுக்கு அந்நியமான மண்ணில் மகனுமாக அடங்கினர்.

வின்சுலோ 1836 ஆம் ஆண்டளவிற் சென்னைக்குச் சென்றார்; 1864 ஆம் ஆண்டில் தம் நாட்டுக்குத் திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் உயிர் நீத்தார். உடுவிற் பாடசாலைக்கு 1840 ஆம் ஆண்டில் எலைசா அக்னியூ அம்மையார் வந்தார். நாற்பத்துமூன்று ஆண்டுகள் ஒருமுறையேனும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே இருந்து 1883 ஆம் ஆண்டில் மானிப்பாயிற் காலமானார். தாய்க்கும் மகளுக்கும் பேர்த்திக்கும் பாடஞ் சொன்னவர் அவர். மானிப்பாய் வைத்தியர் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்ததோடு, தம் மாணவர் மேனாட்டு உடையைப் பின்பற்றுவதையும் விரும்பவில்லை. அவர் எப்பொழுது புதியவராய் இருப்பதை நிறுத்தினார் என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தச் செய்தியே நினைவுக்கு வரும்.

சென்ற நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மருமகளும் அவளுடைய பன்னிரண்டு வயது மகனும் உடுவிலுக்கு வந்திருந்தனர். ‘டூ’ விவகாரம் என்னாயிற்று என்று கேட்டேன். அம்மூதாட்டியோடு பேசும்போது நீயும் வராமல் நீங்களும் வராமல் வாக்கியத்தைச் சுற்றி வளைத்துக் கட்டிவிடுகின்றாளாம். புருஷன் பெயரைச் சொல்லாமலே ஆயுளைக் கழித்த நம் பாட்டிமாரின் பேர்த்தியல்லவா!

பையன் தமிழை விளங்கிக்கொள்வான், பேசுவதற்குக் கூசுவான். ஒருநாள் மாலை அவனையும் என் தமக்கையாரையும் அழைத்துக்கொண்டு கல்லூரி வாசல்வரை நடந்தேன். தமக்கையார் அங்கே படித்தவர். தொடங்கிய ஆண்டைச் சொன்னேன். இரண்டு நூற்றாண்டு என்று மனத்திலே கணக்கிட்டான். தொடங்கியவரின் கதையையும் சுருக்கமாகச் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் உடைந்த தமிழிலே, “அப்ப அவ அமெரிக்கா ஆளா, உடுவில் ஆளா?” என்று கேட்டான்.

“உடுவில் ஆள்தான்” என்றார் தமக்கையார், சிறிதும் யோசியாமல். பிறகு அவன் தலையைத் தடவி, “நீ எந்த ஊர் ஆளடா?” என்றார்.

அவன் மதிலின்மேல் ஓடிய அணிலையே பார்த்துக்கொண்டு நின்றான். இருட்டிக்கொண்டு வந்தது; வீட்டுக்கு நடந்தோம்.