குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒரு காந்தம்: எங்கே வைக்கிறார்கள், ஏன் அங்கே?

"தலைக்குள்ளே காந்தம் வைக்கப் போறாங்களாம், மூளைக்கு ஒண்ணும் ஆகாதா?" பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும், பல வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுதான். இராயபுரமாக இருந்தாலும், திருவொற்றியூர், எண்ணூராக இருந்தாலும், வாப்பாவும் உம்மாவும் சம்மதித்த பிறகுகூட, வீட்டுப் பெரியவர்கள் இந்தப் பயத்தால் "கொஞ்சம் பொறுங்கள், வயசானால் பேச்சு தானாக வரும்" என்று தள்ளிப் போடச் சொல்வதுண்டு.

அந்தத் தாமதம்தான் குழந்தைக்கு உண்மையான நஷ்டம். ஆகவே அந்தக் காந்தம் என்ன, உடம்பில் எங்கே வைக்கப்படுகிறது, அந்த இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், வீட்டில் நாம் கவனிக்க வேண்டியது என்ன என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

காந்தம் எதற்காக?

காக்ளியர் இம்ப்ளான்ட் இரண்டு பாகங்கள் கொண்டது. ஒன்று தோலுக்கு அடியில் நிரந்தரமாக இருப்பது. இன்னொன்று வெளியே அணிந்து கழற்றக் கூடியது.

வெளிக் கருவியில் மைக், ஒலியை மின் குறிப்புகளாக மாற்றும் பிராசஸர், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டமான காயில் ஆகியவை இருக்கும். உள்கருவியில் அந்தக் குறிப்புகளை வாங்கும் சிறிய பகுதியும், அதிலிருந்து உள்காது வரை செல்லும் மெல்லிய கம்பியும் இருக்கும். நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள் அந்தக் கம்பி நுழைந்து, கேள்வி நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. கம்பெனியைப் பொறுத்து அந்தக் கம்பியில் 12 முதல் 22 வரை தூண்டும் இடங்கள் உண்டு.

வெளிக் காயிலிலிருந்து உள்கருவிக்கு வயர் கிடையாது. தோலைத் தாண்டி ரேடியோ அலை மூலமாகவே குறிப்பும் மின்சக்தியும் போகின்றன. அதற்கு இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். அப்படி நிறுத்தி வைப்பதற்காகத்தான் உள்ளே ஒரு காந்தம், வெளியே ஒரு காந்தம். காந்தம் குழந்தையைக் கேட்க வைப்பதில்லை. கருவியை அதன் இடத்தில் பிடித்து வைக்கிறது, அவ்வளவே.

அது மூளைக்குள் வைக்கப்படுவதும் இல்லை. மண்டை ஓட்டின் வெளிப்பக்கத்தில், எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் உட்காருகிறது.

இது நேற்று வந்த சோதனை முயற்சி அல்ல. 1957-இல் பாரிஸில் கேள்வி நரம்பை மின்சாரத்தால் தூண்டும் முதல் முயற்சி நடந்தது. 1978-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டாக்டர் கிரேம் கிளார்க் பல தூண்டுமுனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். 1990-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி தந்தது. இன்று ஒரு வயதுக் குழந்தைக்கும் செய்கிறார்கள். நம் சென்னையில் பத்மஸ்ரீ டாக்டர் மோகன் காமேஸ்வரன் போன்றவர்கள் இத்துறையை வளர்த்தார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

காது மடலுக்குப் பின்னால், சற்று மேலே, சாய்வாக. பொதுவாக இதுதான் இடம். ஆனால் எல்லாத் தலைக்கும் ஒரே அளவு பொருந்தாது. அறுவை சிகிச்சைக்கு முன்பே டாக்டர், கருவியின் மாதிரி அச்சையும் வெளிக் கருவியின் மாதிரியையும் குழந்தையின் தலையில் வைத்துப் பார்த்து அடையாளம் போடுவார். சிலர் ஊசி முனையால் எலும்பிலேயே நீல மைப் புள்ளி வைத்துக் கொள்வார்கள், தோலைத் திறந்த பிறகு இடம் மாறிவிடக் கூடாது என்பதற்காக.

அப்போது அவர்கள் யோசிப்பவை இவை:

1. காது மடலுக்கு மிக அருகில் இருக்கக் கூடாது. காதுக்குப் பின்னால் மாட்டும் பிராசஸருக்கு இடம் விட வேண்டும். இடம் இல்லாவிட்டால் பிராசஸர் உள்கருவியின் மேல் உரசி, நடுவில் உள்ள தோல் புண்ணாகும். பிற்காலத்தில் கண்ணாடி அணிந்தால் அதன் காம்புக்கும் அங்கேதான் இடம் வேண்டும்.

2. மிகப் பின்னால் போகவும் கூடாது. கைக்குழந்தை மல்லாந்து படுக்கும்போது தலையணையில் அழுந்தும் இடம் அது. காயில் அடிக்கடி கழன்று விழும். தோலுக்கும் அழுத்தம்.

3. தையல் போடும் இடம் கருவியின் மேலேயே வரக் கூடாது. தையல் ஆறத் தாமதமானால் கருவிக்குத் தொற்று போய்விடும்.

4. எலும்பு தட்டையாக இருக்கும் இடம் வேண்டும். கருவி நகராமல் இருக்க எலும்பில் சிறு பள்ளம் எடுப்பார்கள், அல்லது எலும்பை ஒட்டிய சவ்வுக்கு அடியில் இறுக்கமான பை போன்ற இடம் செய்து அதில் செருகுவார்கள். குழந்தையின் மண்டை எலும்பு மெல்லியது என்பதால் இந்த வேலைக்குக் கைதேர்ந்தவர் தேவை.

5. அந்த இடத்தில் தோல் எவ்வளவு தடிமன்? அதிகத் தடிமனாக இருந்தால் இரண்டு காந்தங்களும் ஒன்றையொன்று பிடிக்காது.

"பிள்ளை வளர வளரக் கம்பியை மாற்ற வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். தேவையில்லை. காக்ளியா பிறக்கும்போதே பெரியவர்களுடைய அளவில்தான் இருக்கிறது. மண்டை ஓடு வளர்வதைக் கணக்கில் வைத்தே கம்பியில் கொஞ்சம் தளர்வு விடுகிறார்கள்.

வலது காதா, இடது காதா?

இதைப் பெற்றோரின் விருப்பம் முடிவு செய்வதில்லை, ஸ்கேன் முடிவு செய்கிறது. சி.டி. ஸ்கேனில் காக்ளியாவின் வடிவம் தெரியும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கேள்வி நரம்பு இருக்கிறதா என்று தெரியும். நரம்பே இல்லாவிட்டால் காக்ளியர் இம்ப்ளான்ட் பயன் தராது. அத்தகைய சில குழந்தைகளுக்கு மூளைத் தண்டில் வைக்கும் வேறு வகைக் கருவி உண்டு, அதுவும் சென்னையில் செய்யப்படுகிறது.

மூளைக்காய்ச்சல் வந்து காது கேளாமல் போன குழந்தை என்றால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அந்த நோய்க்குப் பிறகு காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக் கொள்ளலாம். அடைத்துவிட்டால் கம்பியை நுழைப்பது கடினம்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு

இரண்டு முதல் நான்கு வாரங்களில், காயம் ஆறியதும், வெளிக் கருவியை மாட்டி இயக்குவார்கள். அன்றே குழந்தை பேசிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓசை என்றால் என்ன என்பதையே அது அப்போதுதான் தெரிந்து கொள்கிறது. கருவியின் அளவுகளைச் சரிசெய்யும் மேப்பிங்குக்குப் பலமுறை போக வேண்டும். கேட்டுப் பேசும் பயிற்சி ஓராண்டு, இரண்டாண்டு தொடர வேண்டும். மருத்துவமனையில் வாரத்துக்குச் சில மணி நேரம்தான், மீதியை வீட்டில் உம்மாதான் நடத்த வேண்டும்.

வெளிக் காந்தம் பல பலங்களில் கிடைக்கிறது. பலம் குறைந்தால் காயில் கழன்று விழும். "விழாமல் இருக்கட்டும்" என்று பலமானதைக் கேட்டு வாங்குவது தவறு. காந்தங்களுக்கு நடுவே தோல் நசுங்கி இரத்த ஓட்டம் குறையும், புண்ணாகும். தினமும் இரவில் கருவியைக் கழற்றியதும் அந்த இடத்தைப் பாருங்கள். சிவந்திருந்தால், வீங்கியிருந்தால், குழந்தை தொட விடாமல் அழுதால், உடனே ஆடியாலஜிஸ்டிடம் காட்டுங்கள். முடி வளர்ந்து அடர்த்தியாகும்போது பிடிப்பு குறைவதும் உண்டு. அந்த இடத்தில் மட்டும் முடியைக் குறைத்து வெட்டினால் போதும்.

நம் பகுதியில் கடல் காற்றும் புழுக்கமும் அதிகம். ஈரமும் உப்பும் கருவிக்கு ஆகாது. இரவில் கருவியை ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வையுங்கள். வெளிக் காயில் இரும்பு பீரோவிலும் ஜன்னல் கம்பியிலும் ஒட்டிக் கொள்ளும், காணோம் என்றால் முதலில் அங்கே தேடுங்கள்.

நம் குடும்பங்கள் கேட்கும் சில கேள்விகள்

உளூச் செய்யும்போதும் குளிக்கும்போதும் வெளிக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டால் போதும். உள்கருவி தோலுக்கு அடியில் இருக்கிறது. காயம் ஆறிய பிறகு அதன் மேல் தண்ணீர் படுவதால், மஸ்ஹு செய்வதால் எந்தக் கெடுதலும் இல்லை. காயம் ஆறும் வரை தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொன்னால், அந்த நாட்களுக்கான சட்டத்தை உங்கள் பள்ளியின் இமாமிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஸஜ்தாவில் பிராசஸர் நழுவி விழாமல் இருக்க, சட்டையில் மாட்டும் சிறிய கிளிப் நூல் கிடைக்கிறது.

பெண் பிள்ளைகள் முக்காடு அணியலாம். மெல்லிய துணி காயிலைப் பிடித்து வைக்க உதவவும் செய்யும். கனமான துணியோ பல மடிப்போ மைக்கை மூடினால் ஓசை மங்கும். ஊசி குத்தும் இடம் காயிலின் அருகில் வேண்டாம். தொப்பி, முக்காடு வழக்கத்தை அறுவை சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பெரியவர்களில் துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ ஹெல்மெட் அணிந்து வேலை செய்பவருக்கு இம்ப்ளான்ட் என்றால், ஹெல்மெட்டின் விளிம்பு எங்கே படுகிறது என்பதையும் அவர் காட்ட வேண்டும். பழைய இரும்பைத் தூக்கும் காந்தக் கிரேன்களுக்கு அருகில் அவர் போகக் கூடாது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எப்போது எடுத்தாலும் இம்ப்ளான்ட் இருப்பதை முதலில் சொல்ல வேண்டும். வெளிக் கருவியுடன் அந்த அறைக்குள் நுழையவே கூடாது. சில பழைய கருவிகளில் உள்காந்தத்தை எடுத்துவிட்டுத்தான் ஸ்கேன் எடுக்க முடியும். உள்ளேயே சுழன்று திரும்பும் காந்தம் கொண்ட புதிய கருவிகளில் அந்தச் சிரமம் குறைவு. கருவியின் அடையாள அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள். உம்ரா, ஹஜ் பயணத்தில் விமான நிலையச் சோதனையிலும் அதைக் காட்டலாம்.

செலவுக்கு என்ன வழி?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது இத்திட்டம். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, வருமானச் சான்றுடன் இராஜாஜி சாலையில் உள்ள சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 2018 முதல் திருவொற்றியூர் வட்டமும் சென்னை மாவட்டத்தில்தான் உள்ளது. மத்திய அரசின் அடிப் திட்டத்திலும் இதற்கு உதவி உண்டு. மும்பையில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் அதைக் கவனிக்கிறது. முதல் பரிசோதனைக்கு நமக்கு அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது.

பெரும் செலவை அரசு ஏற்றாலும், பின்னாளில் பேட்டரி, வயர், காயில், பயிற்சிக்குப் போய்வரும் பஸ் காசு என்று சிறு செலவுகள் தொடரும். இவற்றுக்கு வழியின்றிக் கருவி பெட்டிக்குள் முடங்கிவிட்டால் அத்தனையும் வீண். ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஒரு வயர் வாங்கித் தருவது ஒரு பிள்ளையின் பேச்சைக் காப்பாற்றும்.

டாக்டரிடம் கேளுங்கள்

எந்தக் காதுக்குச் செய்கிறீர்கள், ஏன்? கருவியும் தையலும் எங்கே வரும்? எம்.ஆர்.ஐ.க்கு இந்தக் கருவியில் என்ன கட்டுப்பாடு? நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாகிவிட்டதா? பயிற்சி எங்கே, எத்தனை நாள்? இந்த ஐந்துக்கும் பதில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் பிறவிக் காது கேளாமை கூடுதலாக வருகிறது. சொந்தத்தில் மணந்தவர்களும், குடும்பத்தில் ஏற்கனவே காது கேளாதவர் இருப்பவர்களும், குழந்தை பிறந்த ஒரு மாதத்துக்குள் ஓ.ஏ.இ. பரிசோதனை செய்துவிடுங்கள். அதில் சந்தேகம் வந்தால் மூன்று மாதத்துக்குள் பெரா பரிசோதனை. கைதட்டினால் திரும்பிப் பார்க்கிறது என்பதை நம்பி இருக்காதீர்கள், காற்றின் அசைவுக்கும் கையின் நிழலுக்கும்கூடக் குழந்தை திரும்பும்.

மூளை மொழியை மிக எளிதாகக் கற்பது முதல் மூன்று நான்கு ஆண்டுகளில்தான். 6 வயது வரை திட்டம் இருக்கிறதே என்று காத்திருக்காமல், இன்ஷா அல்லாஹ், இந்த வாரமே பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.