டிஜிட்டல் தொலைக்காட்சி: மாத்தளை இப்போதே கேட்க வேண்டியது

இலங்கையின் தரைவழித் தொலைக்காட்சியை டிஜிட்டலுக்கு மாற்றும் திட்டம் பத்தாண்டுகளுக்கும் மேலாக இழுபடுகிறது. 2014 செப்டெம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே கொழும்புக்கு வந்தபோது, இதற்கென ஏறத்தாழ 13.7 பில்லியன் யென் கடனுக்கு ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறை தெரிவானது. பிறகு ஆட்சிகள் மாறின. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்றதும் ஜப்பானியக் கடன் வேலைகளும் நின்றன. 2024 ஜூலையில்தான் அவற்றை மீண்டும் தொடங்க வழி பிறந்தது. இந்தத் தாமதத்தால் நட்டம் ஏற்பட்டிருக்கிறது. ஆனாலும் புதிய அலைவரிசைகள் வருமுன் நிபந்தனைகளைப் பேசிக்கொள்ள நமக்கு அவகாசமும் கிடைத்திருக்கிறது. மாதக் கட்டணமில்லாத அந்த அலைவரிசைகளில் தமிழுக்குரிய இடமும், அனர்த்த எச்சரிக்கையைத் தமிழிலும் தரும் கடமையும் உரிமப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். மாத்தளை மாவட்டத்தின் நிலத்தையும் மக்களையும் பார்த்தால் இதன் அவசியம் விளங்கும்.

முதலில் நிலம். வடக்கே தம்புள்ளை, கலேவெலப் பக்கம் சமவெளி. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். மலை மடிப்புகளில் ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை, கம்மடுவைத் தோட்டங்கள். அப்பால் லக்கலையும் வில்கமுவவும். அனலொக் அலை மலையில் பட்டுத் திரும்பிச் சற்றுப் பிந்தி வந்து சேரும்போது, திரையில் ஒவ்வோர் உருவத்தின் பக்கத்திலும் ஒரு நிழலுருவம் விழும். மலையகத்துக்கு இது பழகிப்போன தொல்லை. டிஜிட்டல் முறை தகவலை ஆயிரக்கணக்கான துணையலைகளில் பிரித்து, இடையிடையே சிறு கால இடைவெளி விட்டு அனுப்புகிறது. அதனால் பிந்தி வரும் அலை படத்தைக் கெடுப்பதில்லை. பல சிறு கோபுரங்களை ஒரே அதிர்வெண்ணில் இயக்கவும் முடியும். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அனலொக்கில் அலை தளர்ந்தால் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். டிஜிட்டலில் ஓர் அளவுக்குக் கீழே போனால் படமும் வராது, குரலும் வராது. ஆகவே பள்ளத்தாக்குகளுக்கான துணைக் கோபுரங்கள் முதற்கட்டத்திலேயே எழ வேண்டும். அவை பிந்தினால், இன்று மங்கலாகப் பார்க்கும் வீடு நாளை ஒன்றையும் பார்க்காது.

அடுத்து மக்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 484,000. தமிழரையும் தமிழ் பேசும் முஸ்லிம்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர் என்ற அளவு வரும். அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் தமிழ்ச் சேவையான நேத்ரா, அதன் இன்னொரு சேவையான சனல் ஐயுடன் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அனலொக்கில் ஓர் அதிர்வெண்ணில் ஒரு நிகழ்ச்சிதான் போகும். ஒரு மொழிக்கு நேரம் கூட்டினால் இன்னொன்றுக்குக் குறையும். வேல்ஸ் நாட்டிலும் இதே நெருக்கடி இருந்தது. அதே 1982இல் அங்கே தொடங்கிய எஸ்4சி, வெல்ஷ் மொழி நிகழ்ச்சிகளையும் ஆங்கிலச் சனல் 4இன் நிகழ்ச்சிகளையும் ஒரே அலைவரிசையில் தந்தது. 2010 மார்ச் 31இல் அங்கு அனலொக் முற்றாக நின்றபின் எஸ்4சி முழுக்க வெல்ஷ் மொழிக்கானதாயிற்று. சனல் 4 தனியே கிடைத்தது. இரு மொழியினருக்கும் இழப்பில்லை. டிஜிட்டலில் ஓர் அதிர்வெண்ணில் பல நிகழ்ச்சிகள் போகலாம் என்பதால், தமிழுக்கு இடம் கொடுக்க யாருடைய நேரத்தையும் பறிக்க வேண்டியதில்லை.

இது பொழுதுபோக்கோடு நிற்கும் விடயமல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டில் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை கொட்டியது. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தியும் குறைவாகவும் வந்தன என்ற விமர்சனம் அப்போது பரவலாக எழுந்தது. ஜப்பானிய முறையில் அனர்த்தத்துக்கென்றே ஒரு சமிக்ஞை உண்டு. அதற்கேற்ற கருவி ஆயத்த நிலையில் இருந்தால் தானாக விழித்து ஒலியெழுப்பும். குறிப்பிட்ட பிரதேசத்துக்கு மட்டும் அதை அனுப்பலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகவே வெளியிடுகிறது, இரண்டையும் இணைக்கலாம். ஆனால் ஒலியைக் கேட்டு எழுந்தவர் திரையில் காணும் வாசகம் அவருக்கு விளங்க வேண்டும். அந்த வாசகத்தைத் தமிழில் தரச் சட்டம்தான் கட்டாயப்படுத்த முடியும்.

கைத்தொலைபேசியும் டிஷ் அன்டெனாவும் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். டிஷ்ஷுக்குப் பணம் கட்டாவிட்டால் படம் நின்றுவிடும். நாட்கூலியில் வாழும் குடும்பம் நெருக்கடியில் முதலில் வெட்டும் செலவு அதுதான். தொலைபேசி வலையமைப்போ டித்வாவின்போது மலைநாட்டின் பல இடங்களில் செயலிழந்தது. மின்சாரம் போனால் தொலைக்காட்சியும் அணையும் என்பதும் உண்மையே. ஆனால் எச்சரிக்கை பயன்படுவது மின்சாரம் போவதற்கு முந்திய மணித்தியாலங்களில். ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று திறந்திருக்க வேண்டும் என்பதே இங்குள்ள வாதம்.

செலவு பற்றிய ஆட்சேபம் இன்னும் வலுவானது. பழைய பெட்டிக்கு டிஜிட்டல் மாற்றுக்கருவி வாங்க வேண்டும். அந்தச் சுமையைத் தோட்டத் தொழிலாளியின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. தாய்லாந்து 2014இல் வீடுகளுக்கு 690 பாத் பெறுமதியான கூப்பன்களை வழங்கியது. வசதியுள்ளோருக்கும் பகிராமல் அஸ்வெசும போன்ற நலன்புரிப் பட்டியலின் வழியே கொடுத்தால் நமக்குச் செலவு குறையும். அதே தாய்லாந்து இன்னொரு பாடமும் தருகிறது. 2013 டிசம்பரில் 24 வர்த்தக அலைவரிசைகளை ஏலம் விட்டது. விளம்பர வருமானம் போதாமல் 2019இல் ஏழு அலைவரிசைகள் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தன. அலைவரிசைகளின் எண்ணிக்கையைச் சந்தையிடம் விட்டால் பெரும்பான்மை விளம்பரதாரர் விரும்பும் மொழியே நிலைக்கும். சிறிய விளம்பரச் சந்தையைக் கொண்ட இலங்கையில் இந்த அபாயம் பெரிது. அதனால்தான் தமிழ் அலைவரிசையைப் பொதுச் சேவையாகவே காக்க வேண்டும்.

அதிர்வெண் எல்லா மக்களின் பொதுச் சொத்து. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. பொதுச் சொத்தைப் பங்கிடும்போது அந்த வாக்குறுதியைக் காப்பது சலுகையாகாது. முழுநேரத் தமிழ் அலைவரிசை, கட்டாயத் தமிழ் எச்சரிக்கை, பள்ளத்தாக்குகளுக்கு முதற்கட்டத் துணைக் கோபுரங்கள், ஏழை வீடுகளுக்கு மாற்றுக்கருவி: இந்த நான்கையும் மாத்தளையின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கங்களும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களும் சேர்ந்து இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும். உரிமங்கள் வழங்கி முடிந்தபின் ஒருவரிடமிருந்து இடத்தை வாங்கி இன்னொருவருக்குக் கொடுப்பது எந்த அரசுக்கும் கடினம். பங்கீட்டுக்கு முன் கேட்டால் ஒரு நிபந்தனையைச் சேர்த்தாலே போதும்.