ஆர்ச்சஸ் விண்மீன் கொத்தின் எக்ஸ் கதிர்கள்

ஆர்ச்சஸ் என்பது நமது பால்வழிப் பேரடையின் மையத்திலிருந்து ஏறத்தாழ 100 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள, மிக நெருக்கமான இளம் விண்மீன் கொத்து. இது தனுசு விண்மீன் குழுவின் திசையில், பூமியிலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டுத் தொலைவில் அமைந்துள்ளது. இதன் வயது சில மில்லியன் ஆண்டுகளே. சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள் என்பதோடு ஒப்பிட்டால் இது பச்சிளங்குழந்தை. இக்கொத்தும் அதன் சுற்றுப்புறமும் எக்ஸ் கதிர்களை உமிழ்கின்றன.

எக்ஸ் கதிர் தேவைப்படுவது ஏன்?

பேரடையின் மையத்துக்கும் நமக்கும் இடையே அடர்ந்த தூசு பரவியுள்ளது. அங்கிருந்து நம்மை நோக்கி வரும் கட்புலனாகும் ஒளியில் ஏறக்குறைய லட்சம் கோடியில் ஒரு பங்குதான் இங்கு வந்து சேர்கிறது. அகச்சிவப்புக் கதிர்களும் ஆற்றல் மிக்க எக்ஸ் கதிர்களும் அத்தூசை ஊடுருவி வருகின்றன. அதனால்தான் 1990-களில் இக்கொத்து அகச்சிவப்புக் கதிர் ஆய்வுகளில் வெளிப்பட்டது.

எக்ஸ் கதிர்களைப் பூமியின் வளிமண்டலம் உறிஞ்சிவிடும். எனவே தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்ப வேண்டும். 1999 ஜூலை 23 அன்று நாசா ஏவிய சந்திரா தொலைநோக்கி, ஆர்ச்சஸ் கொத்தின் எக்ஸ் கதிர்களை முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாகவே அதற்கு இப்பெயர் இடப்பட்டது.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

இக்கொத்தில் சூரியனைப்போல் 20 மடங்குக்கும் மேற்பட்ட நிறை கொண்ட விண்மீன்கள் பல உள்ளன. இவற்றின் மேற்பரப்பிலிருந்து வளிமம் நொடிக்கு 1,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வெளியேறுகிறது. இது விண்மீன் காற்று எனப்படும். நெருங்கியுள்ள விண்மீன்களின் காற்றுகள் ஒன்றோடொன்று மோதும்போது இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. வளிமம் பல கோடி டிகிரி வரை சூடேறி எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது.

இரும்பு சொல்லும் சான்று

இப்பகுதியின் எக்ஸ் கதிர் நிறமாலையில் இரும்பின் இரண்டு கோடுகள் முக்கியமானவை.

6.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடு: இரும்பு அணுவில் 26 எலக்ட்ரான்கள் உண்டு. மிகு வெப்பத்தில் அவற்றுள் 24 பிரிந்துபோய் இரண்டே எஞ்சும் நிலையில் இக்கோடு தோன்றும். கொத்திலுள்ள வெப்ப வளிமத்தின் அடையாளம் இதுவே.

6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடு: குளிர்ந்த இரும்பின் மீது வெளியிலிருந்து எக்ஸ் கதிரோ வேகமான துகளோ மோதும்போது தோன்றும். கொத்தை அடுத்துள்ள மூலக்கூறு மேகத்தில் இது காணப்படுகிறது.

மேகத்தை ஒளிரச் செய்வது எது என்பது நெடுங்காலம் கேள்வியாக இருந்தது. கொத்திலிருந்து பாயும் துகள்களே காரணம் என்று ஒரு விளக்கம் கூறியது. ஆனால் 2012-இல் மேகத்தின் ஒளிர்வு சுமார் 30 விழுக்காடு குறைந்திருந்தது. துகள்களால் விளையும் ஒளிர்வு இவ்வளவு விரைவில் மங்காது. ஆகவே அதன் பெரும்பகுதி, வெளியிலிருந்து வந்த எக்ஸ் கதிர்களின் எதிரொளிப்பு எனக் கருதப்படுகிறது.

அக்கதிர்களின் மூலமாகப் பெரிதும் கருதப்படுவது பேரடையின் மையத்திலுள்ள, சூரியனைப்போல் சுமார் 40 லட்சம் மடங்கு நிறை கொண்ட கருந்துளை. அதன் அருகில் விழுந்த பொருள் சில நூறு ஆண்டுகளுக்குள் ஒருமுறை பெரிதாகப் பொங்கி ஒளிர்ந்திருக்க வேண்டும். அந்த ஒளி நேர்வழியில் பூமியைக் கடந்து போய்விட்டது. மேகத்தில் பட்டுத் திரும்பிய பகுதி, நீண்ட வழியில் வந்ததால் தாமதமாக இப்போது நம்மை அடைகிறது. இன்று அமைதியாக உள்ள கருந்துளையின் பழைய வரலாற்றை அறிய இம்மேகம் உதவுகிறது.