பழைய லாரியை உடைக்கப் போகிறீர்களா? சந்தேகங்களும் விளக்கங்களும்

எப்.சி. முடிந்து, டயர் இறங்கி, பாடியில் புல் முளைத்த லாரிகளை நாமக்கல், சங்ககிரி வட்டாரப் பட்டறை ஓரங்களில் நிறையப் பார்க்கலாம். ஓட்டினால் நஷ்டம், நிறுத்தினால் இடம் அடைக்கிறது என்ற நிலையில் ஒருநாள் உரிமையாளர் வண்டியை எடைக்குப் போட முடிவு செய்கிறார். லாரியை இரும்பாக்குவது இரண்டு நாள் வேலை. ஆனால் அந்த லாரியின் எண் உங்கள் பெயரிலிருந்து நீங்கினால்தான் வண்டி உண்மையில் ஒழிந்தது. இந்த இரண்டாவது வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இது பற்றி லாரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

சந்தேகம்: 15 ஆண்டு ஆகிவிட்டால் லாரியைக் கட்டாயம் உடைத்தே ஆக வேண்டுமா?

இல்லை. தனியார் லாரிகளுக்கு வயது மட்டுமே அளவுகோல் இல்லை, தகுதிதான் அளவுகோல். சரக்கு வாகனங்களுக்கு முதல் 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும். சோதனையில் தேறும்வரை 18 ஆண்டு வண்டியும் ஓடலாம். ஆனால் வயது ஏற ஏற எப்.சி. கட்டணமும் பல மடங்கு ஏறும்படி விதிகள் திருத்தப்பட்டுள்ளன.

குழப்பம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தொடர்பாக தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் பிறப்பித்த ஆணை அந்தப் பகுதிக்கு மட்டுமானது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற விதி, மத்திய, மாநில அரசுகள், போக்குவரத்துக் கழகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் வண்டிகளுக்கானது. உங்கள் லாரி இந்த இரண்டிலும் வராது.

சந்தேகம்: பக்கத்து இரும்புக் கடைக்காரர் அதிக விலை தருகிறார். அரசு அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்கு ஏன் போக வேண்டும்?

அதிக விலை தருகிறார் என்பது பல நேரங்களில் உண்மை. அவர் எஞ்சின், கியர் பாக்ஸ், கிரவுன் ஆகியவற்றைப் பாகமாக விற்றுவிடுவார். பழைய ஆயிலையும் ஆசிட்டையும் முறைப்படி அகற்றும் செலவு அவருக்கு இல்லை. அந்த மிச்சத்தில் ஒரு பங்குதான் உங்களுக்கு வரும் கூடுதல் பணம்.

ஆனால் அவரால் ஒரு காகிதத்தைத் தர முடியாது. வாகன உடைப்பு நிலையங்களுக்கான மத்திய விதிகள் 2021 செப்டம்பரில் வந்தன. அவற்றின்படி அங்கீகாரம் பெற்ற நிலையம்தான் வண்டியைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்படைப்புச் சான்றிதழையும், உடைத்து முடித்ததற்கான சான்றிதழையும் வழங்க முடியும். இந்தச் சான்றுகள் வாகன் இணையத்தில் ஏறும். ஆர்.டி.ஓ. பதிவேட்டில் வண்டியின் எண் ரத்தாவது இதன் அடிப்படையில்தான்.

இது இல்லாவிட்டால் என்ன நடக்கும்? வண்டி துண்டு துண்டாகி உருக்காலைக்குப் போன பிறகும் ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும். காலாண்டு வரி ஏறிக்கொண்டே போகும். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சேஸிஸில் நம்பர் குத்தியிருக்கும் துண்டை மட்டும் வெட்டியெடுத்து, திருட்டு லாரி ஒன்றில் பற்றவைத்து, உங்கள் ஆர்.சி. புக்கோடு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வண்டி எங்காவது ஆளை அடித்துவிட்டால் முதல் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தும் பெயர் மாற்றாத முதல் உரிமையாளர்தான் சிக்கினார். ‘வித்துட்டேன் சார்’ என்ற வாய்மொழி நீதிமன்றத்தில் நிற்காது.

அங்கீகாரம் பெற்ற நிலையம் அந்த நம்பர் துண்டைத் தனியே வெட்டியெடுத்து ஆறு மாதம் பாதுகாப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வண்டி திருட்டுப் பட்டியலில் உள்ளதா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத் தரவில் சரிபார்ப்பதும் அவர்கள் கடமை. சில ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் அங்கே போவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

சந்தேகம்: எந்தெந்த ஆவணம் வேண்டும்? கடன் பாக்கி இருந்தால்?

ஆர்.சி., உரிமையாளரின் அடையாள ஆவணம், பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசு ஆவணமும் சேர வேண்டும். விண்ணப்பம் பரிவாகன் இணையத்தின் வி-ஸ்கிராப் பகுதி வழியாகப் போகும். நாமக்கல்லில் பதிவான வண்டியை வேறு மாவட்டத்தில் மட்டுமல்ல, வேறு மாநிலத்தில் உள்ள நிலையத்திலும் ஒப்படைக்கலாம்.

பைனான்ஸ் பாக்கி இருந்தால் வேலை நகராது. கடனை முடித்து, 35-ஆம் எண் படிவத்தில் பைனான்சியர் கையெழுத்து வாங்கி, ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்கிய பிறகுதான் அடுத்த கட்டம். பழைய இ-செலான், வரி பாக்கி, வழக்கு ஏதும் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். வண்டியை இழுத்துக்கொண்டு போய் வாசலில் நிறுத்திய பிறகு இவை தெரியவந்தால் இழுவைச் செலவு வீண். பர்மிட்டை மறந்துவிடாதீர்கள். அடுத்து வேறு வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 83-ஆம் பிரிவின்படி அதே தன்மையுள்ள வண்டியை அந்த பர்மிட்டில் சேர்க்க அனுமதி கேட்கலாம். வேண்டாம் என்றால் முறையாக ஒப்படைத்துவிடுங்கள்.

சந்தேகம்: வண்டி விபத்தில் நொறுங்கிவிட்டது. இதற்கும் ரத்து செய்ய வேண்டுமா?

ஆம். வண்டி அழிந்தாலோ நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ 14 நாட்களுக்குள், இல்லையேல் இயன்ற விரைவில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு. காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டது, உடைந்த வண்டியை யாரோ எடுத்துப் போனார்கள் என்று விட்டுவிடக் கூடாது.

சந்தேகம்: டிரெய்லருக்கு எஞ்சினே இல்லையே, அதற்கும் இதே நடைமுறையா?

சட்டத்தின் பார்வையில் டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். பதிவு பற்றிய விதிகள் அதற்கும் பொருந்தும் என்று 61-ஆம் பிரிவு சொல்கிறது. இழுவைத் தலையும் டிரெய்லரும் தனித்தனி எண்ணில் பதிவாகியிருந்தால் இரண்டுக்கும் தனித்தனிச் சான்று வாங்க வேண்டும். தலையை மட்டும் உடைத்துவிட்டு டிரெய்லரைப் பட்டறையில் போட்டு வைத்திருந்தால் அதன் எண் உயிரோடுதான் இருக்கிறது. விவசாய டிராக்டர், அதன் டிரெய்லர், கதிர் அறுவடை இயந்திரம், பவர் டில்லர் ஆகியவற்றுக்கு மட்டும் 2025 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் விதிகளிலிருந்து விலக்கு உண்டு. மற்ற வண்டிகளுக்கு, ஆயுள் முடிந்ததாக ஆன நாளிலிருந்து 180 நாட்களுக்குள் உரிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது அந்த விதிகளின் நிபந்தனை.

சந்தேகம்: லாரிக்கு விலை எப்படிப் போடுகிறார்கள்? ஏமாறாமல் இருப்பது எப்படி?

ஆறு சக்கர லாரி ஒன்று பாடியோடு சுமார் 5, 6 டன் இருக்கும். எடை மேடையில் ஏற்றி, டன்னுக்கு இவ்வளவு என்று பேசுவது வழக்கம். ஆனால் அந்த எடை முழுதும் ஒரே இரும்பு அல்ல. சேஸிஸ் நீளச்சட்டங்கள் கனமான எஃகு. எஞ்சின் பிளாக்கும் பிரேக் டிரம்மும் வார்ப்பிரும்பு. கியர் பாக்ஸ் மேலுறை பல வண்டிகளில் அலுமினியம். பழைய ரேடியேட்டரில் செம்பும் பித்தளையும் உண்டு. ஆல்டர்னேட்டர், செல்ப் மோட்டார், ஒயரிங் எல்லாவற்றிலும் செம்பு. இரண்டு பேட்டரியிலும் ஈயம். எல்லாவற்றையும் சேர்த்து இரும்பு விலைக்கே கொடுத்தால் நஷ்டம் உங்களுக்கு. பேட்டரி, டயர், ரேடியேட்டர் மூன்றுக்கும் தனி விலை கேளுங்கள். பாடியின் மரப் பலகையையும் ஒட்டியிருக்கும் மண்ணையும் கழிக்க வாங்குகிறவர் கேட்பார். அது நியாயம்தான்.

பட்டைகளைத் தனியே சொல்ல வேண்டும். லாரியின் ஸ்பிரிங் பட்டை கார்பன் சேர்ந்த உறுதியான எஃகு. திருப்பாச்சேத்தி அரிவாள் முதல் உள்ளூர்க் கொல்லுப்பட்டறை மண்வெட்டி வரை இந்தப் பட்டையைக் காய்ச்சி அடித்துத்தான் செய்கிறார்கள். அதனால் நல்ல பட்டைக்குச் சாதாரண இரும்பைவிடக் கூடுதல் மதிப்பு உண்டு.

ஒயரை உருவியெடுப்பது செம்பின் விலைக்காக மட்டும் அல்ல. உருகிய எஃகில் செம்பு கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. சூட்டில் உருட்டும்போது கம்பியின் மேற்பரப்பில் வெடிப்பு விழும். வீடு கட்டும் கம்பிகளில் கணிசமான பங்கு இப்படிப்பட்ட பழைய இரும்பை உருக்கி வருவதுதான் என்பதால், பிரித்தெடுக்கும் வேலை ஒழுங்காக நடப்பது நம் எல்லோருக்கும் அக்கறைக்குரியது. ஒரு டன் பழைய இரும்பை உருக்கினால் 1.1 டன் இரும்புத் தாதும் 630 கிலோ கோக்கிங் நிலக்கரியும் மிச்சம் என்று 2019-ல் வெளியான மத்திய எஃகு அமைச்சகக் கொள்கை கணக்குச் சொல்கிறது. பழைய லாரியை முறையாக உடைப்பது நாட்டுக்கும் லாபம்.

சந்தேகம்: நம் பட்டறையிலேயே கேஸ் கட்டர் வைத்து உடைத்து, இரும்பை மட்டும் விற்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். பதிவு ரத்தாகாது என்பது ஒருபுறம். அதைவிடப் பெரிது உயிர்.

காலி டீசல் டேங்க்தானே என்று தீயை வைக்கிறார்கள். உள்ளே தேங்கிய ஆவி சூட்டில் வெடிக்கும். டேங்கர் டிரெய்லர் இன்னும் மோசம். பெட்ரோலோ ரசாயனமோ ஏற்றிய டேங்கர், பல மாதம் வெயிலில் திறந்து கிடந்தாலும் அடுக்குகளிலும் குழாய்களிலும் ஆவி தங்கியிருக்கும். முறைப்படி கழுவி, உள்ளே ஆவி இல்லை என்று கருவி வைத்துச் சோதித்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

ஏர் பிரேக் வண்டிகளின் பின் ஆக்சிலில் உருண்டையாக இருக்கும் பிரேக் சேம்பரைப் பாருங்கள். காற்று இறங்கினாலும் வண்டியைப் பிடித்து நிறுத்த அதற்குள் பெரிய ஸ்பிரிங் ஒன்று அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வண்டி எத்தனை ஆண்டு சும்மா கிடந்தாலும் அந்த அழுத்தம் குறையாது. அதைச் சுற்றியுள்ள கிளாம்பை விவரம் தெரியாத பையன் ஒருவன் ஸ்பேனர் போட்டுக் கழற்றினால், மூடி பல நூறு கிலோ விசையோடு நெஞ்சில் வந்து அடிக்கும். போல்ட் போட்டு ஸ்பிரிங்கைப் பூட்டிய பிறகே தொட வேண்டும். பழைய லாரிகளின் பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தகட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதுவது நுரையீரலுக்கு நஞ்சு. வளையம் போட்ட ரிம்மிலிருந்து டயரைக் கழற்றும் முன் காற்றை முழுதும் இறக்காவிட்டால் வளையம் பறக்கும்.

கிரவுன் ஆயில், எஞ்சின் ஆயில், பேட்டரி ஆசிட் எல்லாம் பட்டறை மண்ணில் ஊற்றப்பட்டுக் கடைசியில் பக்கத்துக் கிணற்றுக்குத்தான் போகும். தினக்கூலிக்கு வந்து செருப்புக்காலோடு கட்டர் பிடிக்கும் தொழிலாளிக்கு இவை எதையும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. விலை பேசும்போது இவர்களையும் கணக்கில் வைக்க வேண்டியது வண்டியைக் கொடுக்கும் நம் பொறுப்பு.

சந்தேகம்: உடைத்த வண்டியின் பாகங்களை வாங்கிப் பயன்படுத்தலாமா?

சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகள் பல சிறு லாரிக்காரர்களின் தொழிலைத் தாங்கி நிற்கின்றன, மறுப்பதற்கில்லை. கேபின் கதவு, மட்கார்டு, விளக்கு, சோதித்துப் பார்த்த கியர் பாக்ஸ் ஆகியவற்றை ரசீதோடு வாங்கலாம். பிரேக் டிரம், ஸ்டியரிங் இணைப்புகள், டிரெய்லரின் கிங் பின், டயர் ஆகியவற்றைப் பழையதாக வாங்காதீர்கள். உள்ளே ஓடியிருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சினை மாற்றினால் ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணையும் மாற்றிப் பதிய வேண்டும். நம்பர் தேய்க்கப்பட்ட எஞ்சினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

சந்தேகம்: உடைத்தால் என்ன சலுகை கிடைக்கும்?

ஒப்படைப்புச் சான்றைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் இல்லை. சரக்கு வாகனங்களுக்குச் சாலை வரியில் 15 சதவீதம் வரை, 8 ஆண்டுகள் வரை சலுகை தர மத்திய விதி இடம் தருகிறது. எவ்வளவு என்பதை அந்தந்த மாநில அரசு முடிவு செய்யும். நீங்கள் புது வண்டி வாங்கப் போவதில்லை என்றால் அந்தச் சான்றை இணையம் வழியாக வேறொருவருக்கு விற்கலாம். சான்றுக்குக் காலக்கெடு உண்டு, அதில் உள்ள தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். லாரி உங்கள் நிறுவனக் கணக்கில் இருந்தால் ஜி.எஸ்.டி., வருமான வரி இரண்டையும் விற்கும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வண்டியை ஒப்படைத்த சில வாரம் கழித்து, வாகன் இணையத்தில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு ரத்து என்று வந்திருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, உடைப்புச் சான்றோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். வராவிட்டால் அன்றைக்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.