பங்காளிகளின் சிரிப்பு: ‘பாமா விஜயம்’ படத்தை ஆரணியிலிருந்து வாசித்தல்

ஆரணியில் ஒரு தறி வீட்டில் உட்கார்ந்து ‘பாமா விஜயம்’ படத்தை மறுபடியும் பார்க்க நேர்ந்தது. தொலைக்காட்சி ஒரு பக்கம் ஓடுகிறது. குழித்தறிச் சத்தம் இன்னொரு பக்கம். நாகேஷ் வரும்போது மட்டும் தறி நிற்கும். படம் முடிந்ததும் வீட்டுக்காரர், “அண்ணன் தம்பின்னா இப்பிடி இருக்கணுங்க” என்றார். தார் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய மனைவி ராட்டையிலிருந்து கையை எடுக்காமலே, “இருக்கலாம். கடனை யாரு அடைக்கிறது?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தக் கேள்வியைச் சிரிப்போடு விட்டுவிட முடியுமா என்பதுதான் இங்கே பிரச்சினை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கே. பாலசந்தர் எழுதி இயக்கி 1967இல் வெளிவந்த படம். தந்தையாக டி. எஸ். பாலையா. ஒரே வீட்டில் வாழும் மூன்று மகன்களாக மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ். மருமகள்களாக சௌகார் ஜானகி, காஞ்சனா, ஜெயந்தி. பக்கத்து வீட்டுக்குக் குடிவருகிறாள் சினிமா நடிகை பாமா (ராஜஸ்ரீ). அவள் முன்னால் தாங்களும் வசதியானவர்கள் என்று காட்டிக்கொள்ளப் போட்டி கிளம்புகிறது. கடனில் பொருள்கள் வீட்டுக்குள் வருகின்றன. நிம்மதி வெளியே போகிறது. சந்தேகம் முளைக்கிறது. கடைசியில் எல்லோரும் ஒன்று சேர்கிறார்கள்.

படம் வந்த காலத்தை மறந்துவிடக்கூடாது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் 1967 தேர்தலின் மையப் பிரச்சினைகளாக இருந்தன. ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்ற வாக்குறுதி ஒலித்த தேர்தல் அது. அந்த வருஷத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பட்ஜெட்டை நகைச்சுவையாக்கியது சாதாரண விஷயம் அல்ல. கண்ணதாசன் எழுதி எம். எஸ். விஸ்வநாதன் இசையமைத்த அந்த வரவு–செலவுப் பாட்டு இன்றும் மாதக் கடைசியில் நம் வீடுகளில் பழமொழியாகப் புழங்குகிறது.

எட்டு வருஷத்துக்கு முன் 1959இல் வந்த பீம்சிங்கின் ‘பாகப்பிரிவினை’யோடு இதை வைத்துப் பார்க்கலாம். அதிலும் பாலையா உண்டு, ஆனால் அண்ணன் தம்பிகளில் ஒருவராக. அங்கே பிரிவு கண்ணீராக நிகழ்கிறது. இங்கே பிரிவுக்கான அச்சம் சிரிப்பாக மாறுகிறது. வடிவம் வேறு. ஆனால் இரண்டு பிரதிகளிலும் ஒரு விஷயம் மாறவில்லை: ஆண்களின் பாசம் இயற்கையானது, வெளியிலிருந்து வந்த பெண்தான் அதைக் கலைக்கிறாள். ‘பாமா விஜயம்’ மகேஸ்வரன்–பார்வதி, ராமன்–சீதா, கிருஷ்ணன்–ருக்மணி என்று தெய்வ ஜோடிகளின் பெயர்களைச் சூட்டி, பாமாவை நாலாவதாக, ஜோடியில்லாமல் நிறுத்துகிறது. வேடிக்கையான ஏற்பாடுதான். ஆனால் குற்றம் யார் தலையில் விழப்போகிறது என்பதைப் பெயர்ப்பட்டியலே சொல்லிவிடுகிறது.

இப்போது தறிக்குத் திரும்புவோம். பட்டுத்தறி தனி ஆள் தொழில் அல்ல. தெருவில் பாவு நீட்ட ஆள் வேண்டும், அச்சு பிணைக்கப் பொறுமை வேண்டும், தார் சுற்ற ஒரு கை வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்கிற கோர்வைச் சேலைக்குத் தறியிலேயே இருவர் தேவை. நெய்பவர் ஒரு பக்கம். எதிர்ப்பக்கத்துக் கரை நாடாவைப் போட்டுத்தர இன்னொருவர். ஒவ்வொரு ஓட்டத்திலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டாக வேண்டும். பட்டுத்தறிகளில் இந்த இரண்டாவது இடத்தில் தம்பியோ மனைவியோ உட்காருவதுண்டு. பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகள் உட்கார்ந்த காலமும் உண்டு.

கூலி? அது சேலைக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. முதலாளி கொடுத்தாலும் சங்கம் கொடுத்தாலும் தறிக்காரர் பெயரில் ஒரே தொகை. முன்பணம் வாங்கியிருந்தால் அதில் பிடித்தம் வேறு. தார் சுற்றிய மணிநேரமும் பாவு இழுத்த காலைப்பொழுதும் அந்தத் தொகைக்குள் கரைந்துபோகின்றன. அவற்றுக்குத் தனிப் பெயர் கிடையாது. அந்த இடத்தை நிரப்பும் சொல்தான் ‘பாசம்’, ‘ஒற்றுமை’, ‘நம்ம வீட்டு வேலைதானே’.

ருஷ்யப் பொருளாதார அறிஞர் சயானோவ் 1920களில் விவசாயக் குடும்பங்களைப் பற்றி இதைத்தான் சொன்னார்: குடும்பம் தன் சொந்த உழைப்புக்குக் கூலி கணக்கிடுவதில்லை, அதனால் கூலியாள் வைத்து நடத்தும் நிறுவனம் மூடிவிடக்கூடிய நிலையிலும் அது தன்னை வருத்திக்கொண்டு நடந்துகொண்டே இருக்கும். (ஸ்டாலின் ஆட்சியில் 1937இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.) இதை நெசவுக்குப் பொருத்தினால் கிடைக்கும் முடிவு கசப்பானது. சகோதரப் பாசம் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது என்பது உண்மை. அதே பாசம் வியாபாரியின் லாபத்தையும் காப்பாற்றுகிறது என்பதும் உண்மை.

அப்படியானால் பாசம் வெறும் ஏமாற்றா? இங்கேதான் நம்முடைய இடதுசாரி நண்பர்கள் சிலர் அவசரப்படுகிறார்கள். கூட்டுக் குடும்பம் என்றாலே நிலப்பிரபுத்துவ எச்சம் என்று ஒரே வெட்டு. தறி நின்ற மாதத்தில், மழையில் பாவு காயாத வாரத்தில், அண்ணன் வீட்டு உலையில் தம்பிக்கும் சேர்த்து அரிசி விழுந்திருக்கிறது. வேறு எந்தப் பாதுகாப்பும் இல்லாத தொழிலில் அதுதான் காப்பீடு. அதைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை.

கேட்க வேண்டியது வேறு: கணக்கைப் படித்துக் காட்டினால் அந்தப் பாசம் தாங்குமா? தமிழ் இதைப் பற்றி அப்பாவித்தனமாக இருந்ததே இல்லை. ‘தம்பி உடையான் படைக்கு அஞ்சான்’ என்ற அதே வாய், ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்றும் சொல்லியிருக்கிறது. ‘பங்காளி’ என்ற சொல்லையே பாருங்கள். உறவுக்காரன் என்றும் பொருள், பங்குக்கு உரியவன் என்றும் பொருள். உறவுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் பெண் நீண்டகாலம் இல்லை. தமிழ்நாட்டில் 1989இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம்தான் மகளையும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்குதாரராக்கியது. அதற்கு முன்பே மணமாகிவிட்டவர்களை விட்டுவிட்டது. நாடு முழுவதற்கும் இந்த உரிமை வர 2005 ஆயிற்று. மருமகளாக வந்து தார் சுற்றுகிறவளுக்கோ அந்தத் தறியின் வருமானத்தில் பங்கு என்ற பேச்சே இல்லை.

இந்த இடத்தில் ‘பாமா விஜயம்’ தன் நோக்கத்தைவிடப் பெரிய படமாகிறது. குற்றத்தை மருமகள்கள் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக முடியப் பார்க்கிற பிரதி அது. ஆனால் வரவு–செலவுப் பாட்டில் வீட்டின் கணக்கு ஊருக்கே கேட்கும்படி வெளியே வந்துவிடுகிறது. யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள், எங்கே போனது, எவ்வளவு கடன் என்பதை ஒளிக்காமல் பாடிக்கொண்டே ஒன்றாக இருக்க முடியும் என்று அந்தச் சில நிமிஷங்கள் நம்பவைக்கின்றன. ஐம்பது வருஷம் கடந்தும் படம் சிரிப்பை இழக்காததற்குக் காரணம் பாசம் மட்டும் அல்ல, பாசத்தோடு சேர்ந்து பேசப்பட்ட கடனும்தான்.

ஒரு குறை மட்டும் மிஞ்சுகிறது. அந்தக் கணக்கில் செலவு செய்த பெண் இருக்கிறாள். உழைத்த பெண் இல்லை. அவளையும் சேர்த்து எழுதினால் தொகை மாறும், சிரிப்பும் கொஞ்சம் மாறும். ஆரணியில் ராட்டையை நிறுத்தாமல் கேட்ட அந்த அம்மாள் பாசத்தை மறுக்கவில்லை. தன் வரியை அந்தக் கணக்கில் எழுதச் சொல்கிறாள், அவ்வளவுதான்.