வாஷிங்டன் படமும் கல்கத்தாக் குமாஸ்தாவும்

நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் அமெரிக்கச் சுதந்திரப் போரைப் பற்றி நாலைந்து பக்கம் படிக்கிறார்கள். பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். 1776-இல் சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் முதல் ஜனாதிபதியானார். பரீட்சைக்கு அவ்வளவு போதும். ஏழு கடலுக்கு அப்பால் நடந்த கதை என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நாமும் சிறு வயதில் அப்படித்தான் மூடினோம். பிழைப்பைத் தேடி வந்து நாம் குடியிருக்கும் இந்தக் கல்கத்தாவை விட்டுவிட்டு அந்தக் கதையை முழுமையாகச் சொல்லவே முடியாது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தோம்.

முதலில் அந்தத் தேயிலையை எடுத்துக்கொள்வோம். அது அஸ்ஸாம் தேயிலை என்று எண்ணுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அஸ்ஸாமில் கம்பெனியார் தோட்டம் போட்டது 1830-க்குப் பிறகு. பாஸ்டனில் கொட்டப்பட்டது சீனத் தேயிலை. ஆனால் அதைக் கப்பலேற்றியவர்கள் வங்காளத்தை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியார். அவர்கள் அதை அமெரிக்காவுக்கு அனுப்ப நேர்ந்த காரணத்தின் ஒரு வேர் இந்த மண்ணில் இருக்கிறது.

1770-இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் தோன்றியது. வங்க ஆண்டு 1176-இல் வந்ததால் இதை 'சியாத்தரேர் மன்வந்தர்' என்று வங்காளிகள் இன்றும் கூறுவர். மக்களில் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் என்று வாரன் ஹேஸ்டிங்ஸே 1772-இல் மதிப்பிட்டு எழுதினார். அதே கடிதத்தில், 1771-இல் வசூலான நிலவரி பஞ்சத்துக்கு முந்திய 1768-ஆம் ஆண்டின் வசூலையும் விஞ்சியது என்கிறார். மூன்றிலொருவர் இறந்த நாட்டில், பிழைத்திருந்தவர்களிடம் வரி அதிகமாக வசூலிக்கப்பட்டது! ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதும் நமக்கு, இந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது கை நடுங்கிற்று.

இப்படிக் கறந்தும் கம்பெனிக்குப் போதவில்லை. போர்ச் செலவும், பங்குதாரர்களின் லாபமும், உத்தியோகஸ்தர்களின் சொந்தக் கொள்ளையும் கஜானாவைக் காலி செய்தன. லண்டன் கிடங்குகளிலோ விற்காத தேயிலை கோடிக்கணக்கான ராத்தல் தேங்கிக் கிடந்தது. 1772-இல் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்து பிரிட்டிஷ் சர்க்காரிடம் கடன் கேட்டது. 1773-இல் பார்லிமெண்டு 14 லட்சம் பவுன் கடன் கொடுத்தது. அதே ஆண்டில் இரண்டு சட்டங்களும் செய்தது. ஒன்று, தேங்கிய தேயிலையைக் கம்பெனியே நேராக அமெரிக்காவில் மலிவாக விற்க வழி செய்த தேயிலைச் சட்டம். ராத்தலுக்கு 3 பென்ஸ் வரி மட்டும் நீக்கப்படவில்லை. மற்றொன்று, கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலை நியமித்த ஒழுங்குமுறைச் சட்டம். முதற் சட்டத்தினால் அவ்வருஷம் டிசம்பர் 16-ஆம் தேதி இரவு பாஸ்டனில் 342 பெட்டித் தேயிலை கடலுக்குப் போயிற்று. இரண்டாவதனால் கல்கத்தாவில் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலானார், மறு வருஷம் சுப்ரீம் கோர்ட்டும் வந்து சேர்ந்தது. ஒரே நோய்க்குக் கொடுத்த இரண்டு மருந்துகள். ஒரு நோயாளி குப்பியைத் தூக்கி எறிந்தான். மற்றவனுக்கு வாயைப் பிளந்து புகட்டினார்கள்.

வங்காளத்தின் துயரத்தை அமெரிக்கர்கள் அப்போதே அறிந்திருந்தார்கள் என்பதுதான் நம்மை மிகவும் உலுக்கிய விஷயம். ஜான் டிக்கின்சன் என்ற வழக்கறிஞர் 'ரஸ்டிகஸ்' என்ற புனைபெயரில் 1773-இல் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். ஆசியாவில் உயிர் வாழ்வதற்கு வேண்டிய பொருள்களை முடக்கி, ஏழைகள் வாங்க முடியாத விலைக்கு ஏற்றி, லட்சக்கணக்கானவர்களைப் பட்டினியால் மடியவிட்ட கம்பெனி இப்போது அமெரிக்காவின் மீது கண் வைத்திருக்கிறது என்பது அதன் சாரம். வங்காளத்துக்கு நேர்ந்த கதி தங்களுக்கும் நேரலாம் என்ற அச்சம் அவர்களுடைய கோபத்துக்கு நெய் வார்த்தது.

போர் மூண்ட பிறகு அதன் அலை நம் தமிழ்நாட்டுக் கரையிலும் வந்து மோதிற்று. 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயரை முறியடித்தது. ஆங்கிலேயரின் பகைவன் தங்களுக்கு நண்பன் என்று கருதிய பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்றே பெயரிட்டனர். 1782 ஏப்ரலில் அக்கப்பல், தன்னினும் வலிமை மிக்க 'ஜெனரல் மங்க்' என்ற ஆங்கிலேயக் கப்பலைச் சிறை பிடித்தது. இந்தப் பெரும்போரின் கடைசிச் சண்டை நடந்ததும் அமெரிக்காவில் அன்று. 1783 ஜூன் மாதத்தில் நம் கடலூரில், ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே. ஐரோப்பாவில் சமாதானமான செய்தி கப்பலேறி வந்து சேரும் வரையில் இங்கே மனிதர்கள் மாண்டு கொண்டிருந்தார்கள்.

யார்க்டவுனில் 1781-இல் வாஷிங்டனிடம் சரணடைந்த ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ் பிரபு. தோற்ற மனிதரை இங்கிலாந்து என்ன செய்தது? 1786-இல் கல்கத்தாவுக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பி வைத்தது. அங்கே தோற்றவர் இங்கே திப்புவை வென்று, 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல்லையும் சேலம் பகுதியையும் பெற்றார். 1793-இல் வங்காளத்தில் ஜமீன்தாரி முறையை நிலைநாட்டினார். உயர்ந்த உத்தியோகங்களில் இந்தியர் அமரக்கூடாது என்ற கொள்கையும் அவர் காலத்தில் உறுதியாயிற்று. வடகல்கத்தாவில் நெடுநாள் அவர் பெயரைத் தாங்கிய வீதிதான் இன்றைய விதான் சரணி. அவர் பெயரிலிருந்த சதுக்கம் ஹேதுவாக் குளம், அதாவது ஆஸாத் ஹிந்த் பாக்.

அந்தக் குளக்கரையிலிருந்து சிறிது நடந்தால் பீடன் வீதி. அங்கே ஒரு பழைய மாளிகையைச் சாத்து பாபு, லாட்டு பாபு வீடு என்பார்கள். அவ்விருவருக்கும் தந்தையான ராம்துலால் தேயைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னோம்.

ராம்துலால் 1752-இல் பிறந்தவர். மராட்டியக் குதிரைப் படையின் கொள்ளைக்கு அஞ்சி ஊரை விட்டு ஓடிய குடும்பம் அவருடையது. இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். அவருடைய பாட்டி, ஹாட்கோலாவில் மதன் மோகன் தத்தர் என்ற செல்வர் வீட்டில் சமையல் வேலைக்கு அமர்ந்தாள். பேரனும் அங்கேயே வளர்ந்தான். ஐந்து ரூபாய்ச் சம்பளத்தில் பில் குமாஸ்தாவானான். டம்டம், பாரக்பூர் வரை கால்நடையாகச் சென்று பணம் வசூலிப்பது வேலை. பிறகு பத்து ரூபாய்ச் சம்பளத்தில் கப்பல் சர்க்கார், அதாவது துறைமுகத்தில் எஜமானுக்காகச் சரக்குப் பார்க்கும் ஆள்.

ஒரு நாள் எஜமான் 14,000 ரூபாய் கொடுத்து ஏலத்துக்கு அனுப்பினார். ராம்துலால் போய்ச் சேர்ந்தபோது குறிப்பிட்ட ஏலம் முடிந்துவிட்டது. அடுத்து, ஹூக்ளி முகத்தில் மூழ்கிய கப்பலொன்று ஏலத்துக்கு வந்தது. அதன் சரக்கின் பெறுமானம் அவருக்குத் தெரியும். எஜமான் பணத்திலேயே அதை எடுத்தார். எடுத்த கையோடு ஒரு வெள்ளைக்காரருக்கு விற்றார். லாபம் ஏறக்குறைய ஒரு லட்சம். அந்த ரூபாய் முழுவதையும் தத்தர் முன் வைத்து, அனுமதியின்றிச் செய்ததற்கு மன்னிப்பும் கேட்டார். தத்தரோ, உன் அதிர்ஷ்டம், நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். எஜமான் பணத்தில் தவறு செய்யாத குமாஸ்தா அபூர்வமில்லை. லட்ச ரூபாயைத் திருப்பித் தரும் எஜமான்தான் அபூர்வம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இச்சமயத்தில்தான் புதிய குடியரசின் கப்பல்கள் இந்தியாவுக்கு வரத் தொடங்கின. முதலாவதாக வந்த 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற பிலடெல்பியாக் கப்பல் 1784 டிசம்பரில் நங்கூரமிட்டது நம் புதுச்சேரியில்தான். பின்னர் பாஸ்டன், சேலம் முதலிய ஊர்க் கப்பல்கள் கல்கத்தாவை நாடின. (இது மாசாசூசெட்ஸ் ராஜ்யத்துச் சேலம், நம் மாம்பழச் சேலத்துக்கும் அதற்கும் உறவில்லை.) 1792-இல் வாஷிங்டன், பெஞ்சமின் ஜாய் என்பவரைக் கல்கத்தாவுக்குத் தூதராக நியமித்தார். அவர் 1794-இல் வந்து இறங்கியபோது கம்பெனியார் அவரைத் தூதராக ஏற்க மறுத்து, வர்த்தக ஏஜெண்டாக வேண்டுமானால் இருக்கலாம் என்றனர்.

கம்பெனி மதிக்காத அமெரிக்கர்களுக்குக் கை கொடுத்தவர்கள் வங்காளி 'பனியன்'கள். நம் பக்கத்துத் துபாஷிகளைப் போன்றவர்கள். அமெரிக்கர்களிடம் இங்கே விலைபோகும் சரக்கு அதிகமில்லை. பெரும்பாலும் ஸ்பானிய வெள்ளி டாலர்களைப் பெட்டியிலிட்டுக் கொண்டு வருவார்கள். அதைச் சிக்கா ரூபாயாக மாற்றுவது, துணி, சர்க்கரை, அவுரி, வெடியுப்பு, இஞ்சி எல்லாம் தரம் பார்த்து வாங்கிக் கிடங்கில் சேர்ப்பது, பணம் குறைந்தால் கடன் கொடுப்பது, சரக்கேற்றி அனுப்புவது எல்லாம் பனியனின் பொறுப்பு. அமெரிக்க வியாபாரத்தில் தலைசிறந்த பனியனாக விளங்கியவர் ராம்துலால். அவர் பேர்லி, பெர்குசன் கம்பெனிக்கும் பனியன். நம்மில் பலர் அறிந்த ரயில்வேத் தலைமை அலுவலகம் இருக்கும் பேர்லி பிளேஸ், அந்தப் பேர்லியின் பெயரைத்தான் தாங்குகிறது.

அக்காலத்துச் சரக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1796-இல் கிரௌனின்ஷீல்டு என்ற கப்பல் தலைவர் 450 டாலருக்கு வாங்கிய யானைக் குட்டியைக் கல்கத்தாவிலிருந்து நியூயார்க்குக்குக் கொண்டுபோய்ப் பத்தாயிரம் டாலருக்கு விற்றார். அமெரிக்கா கண்ட முதல் யானை அதுவே.

ராம்துலாலின் நாணயத்தைப் போற்றி அமெரிக்க வியாபாரிகள் ஒரு கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டினர். 1801-இல் பாஸ்டன், சேலம், பிலடெல்பியா, நியூயார்க் முதலிய நகரத்து வணிகர் பலர் ஒன்றுகூடி, வின்ஸ்டான்லி என்ற ஓவியர் தீட்டிய ஜார்ஜ் வாஷிங்டனின் முழுவுருவப் படத்தை அவருக்குப் பரிசாக அனுப்பினர். காரன்வாலிஸை வென்றவரின் படம், காரன்வாலிஸ் ஆண்டுவிட்டுப் போன நகரில், முன்னாள் ஐந்து ரூபாய்க் குமாஸ்தாவின் இல்லத்தில் தொங்கிற்று.

இந்த நட்பு நெடுங்காலம் ஒரே சீராக நிற்கவில்லை. 1807-இல் ஜெபர்சன் விதித்த கப்பல் தடையும், 1812-இல் மூண்ட போரும் வியாபாரத்தை முடக்கின. அதற்குள் அமெரிக்காவிலேயே நெசவாலைகள் எழுந்தன. முன்பு இந்தியத் துணியை இறக்குமதி செய்த பாஸ்டன் வணிகர் லோவல்தான் முதல் பெரிய ஆலையை அமைத்தவர்களில் முக்கியமானவர். அவருடைய முயற்சியும் சேர்ந்து 1816-இல் ஒரு சுங்கச் சட்டம் நிறைவேறிற்று. பருத்தித் துணி எவ்வளவு மலிவானாலும் கஜம் 25 சென்ட் என்று பாவித்து அதில் கால் பங்கு வரி. அதாவது கஜத்துக்கு ஆறேகால் சென்ட். உயர்ந்த துணிக்கு இது பாரமன்று. ஏழைகள் உடுத்தும் வங்காளத்து முரட்டுத் துணிக்கோ இது கதவடைப்பு. வரியை எதிர்த்துப் பிறந்த நாடு வரியைக் கொண்டே நம் நெசவாளனைத் தடுத்தது. அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. தங்கள் நாட்டுத் தொழிலைக் காக்கும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்தது. நம்மவர்களுக்கு அது இல்லை. பிறகு 1833-இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்தது பனிக்கட்டி! சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று நாம் அறிந்த விவேகானந்தர் இல்லமும் அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியதே.

ராம்துலால் 1825-இல் காலமானார். சென்னை ராஜதானியில் பஞ்சம் வந்தபோது ஒரு லட்ச ரூபாய் உதவினார் என்று அவருடைய வரலாறு கூறுவோர் எழுதியிருக்கிறார்கள். நம் முன்னோரில் யார் யார் அந்த அரிசியை உண்டார்களோ!

அவர் இல்லத்தில் ஆண்டுதோறும் துர்க்கா பூஜை நடைபெறுகிறது. பூஜை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்புவோர் கிரீஷ் பார்க் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். வாஷிங்டன் படத்தை மட்டும் அங்கே காண முடியாது. அது கடல் கடந்து திரும்பிச் சென்று, இப்போது வர்ஜீனியாவில் வாஷிங்டன் அண்டு லீ சர்வகலாசாலையில் இருக்கிறது.